ஏழாம் எண் டோக்கன்

சிதம்பரம் சாலையில் இருந்த அந்தச் சின்ன அனல்மின் நிலையத்தில், பாய்லருக்குள் சாம்பல் அள்ள இறங்குகிறவர்கள் தங்கள் பித்தளை டோக்கனை வெளியே பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். பலகை காலியானால்தான் பாய்லர் கதவை மூடலாம்.

அன்று காலை ஆறு பேர் இறங்கினார்கள். ஆறு பேரும் ஏறி வந்து, டோக்கனை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். பலகையில் ஏழாம் எண் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த நம்பர்ல நம்மகிட்ட ஆளே கெடையாது மேடம்," என்றார் ஃபோர்மேன் காத்தவராயன். "எவனாச்சும் பழசை மாட்டியிருப்பான். சாயங்காலம் கரண்ட் குடுத்தாவணும், நெருப்பு வைக்கட்டுமா?"

பாதுகாப்பு அதிகாரி இளவரசிக்கு மனசு கேட்கவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். "யாராச்சும் இருக்கீங்களா?" என்று மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. கதவை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நிலக்கரி நன்றாகவே பிடித்துக்கொண்டது. சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு மின்சாரமும் போனது.

வீட்டுக்குக் கிளம்பும்போது இளவரசி பலகையைப் பார்த்தாள். பாய்லர் கதவு மூடியபடியேதான் இருந்தது. ஏழாம் எண் டோக்கனை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வெறும் ஆணியைத் தொட்டாள். சுட்டது.