மேலே பாட்டில்லாத மரம்

சாயங்கால வெயில் காயல்மேல் செம்பு நிறத்தில் கிடக்கிறது. தென்னைக்கு அடியில் நானும் என் புருஷன் பௌரோவும் கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கிறோம். தீவின் கிடங்கில் கொப்பரை நிறுக்கிற அரசாங்க வேலை அவருக்கு. "கொப்பரை விலையை ஏத்தினாரே, இந்த ஜனாதிபதிதான் மறுபடி ஜெயிப்பார்" என்கிறேன். "ஏத்தி என்ன? மூணு மாசமா கிடங்குல காசே இல்ல, வெறும் சீட்டுதான் எழுதித் தர்றேன். தலைநகர் தாராவாலேருந்து கப்பலும் வரல. இந்தத் தீவுல அவருக்கு ஒரு ஓட்டு விழாது, பாரு!" கத்தின கத்தலில் கோழிகள் சிதறி ஓடுகின்றன. "மெல்லப் பேசுங்க, வேலைக்கு வேட்டு வச்சுக்காதீங்க." "இங்க யாருடி இருக்கா?" என்று சிரிக்கிறார். ஈரமான பாளைச் சீவல் ஒன்று அவர் தோளில் விழுகிறது. சிரிப்பு பாதியில் நிற்கிறது. கள் இறக்க ஏறுகிறவன் எங்கள் ஊரில் பாடிக்கொண்டேதான் இருப்பான், மேலே ஆள் இருப்பது கீழே தெரியட்டும் என்று. இந்த மரத்தில் பாட்டே இல்லை. நிமிர்கிறோம். மட்டைகளுக்கு நடுவே, பெருவிரல் நகமில்லாத இரண்டு பாதங்கள். ஜனாதிபதிக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டு வருகிற இயோடேபாவின் பாதங்கள். அவை அசையவில்லை. உடைத்த தேங்காயின் தண்ணீர் என் முழங்கை வரை வழிகிறது. மேலே கத்தி மறுபடி பாளையைச் சீவத் தொடங்குகிறது. அவன் பாடுகிறான், ஊருக்கே கேட்கிற மாதிரி. பாட்டில் என் புருஷன் பேர் வருகிறது.