சிவப்புக் குறி விழுந்த குழாய்

தொண்டை உண்டு, வயிறு இல்லை. கூப்பிட்டால் திருப்பிக் கூப்பிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

சிமெண்ட் குழாய்தான். வெள்ளம் அதை உருட்டிவந்து ஒரு காலி மனையில் தள்ளியிருந்தது. உருண்டதில் முதுகில் பெரிய ஓட்டை.

அந்த மனையில் குழந்தைகளுக்குப் பூங்கா வரவிருந்தது. நகராட்சி அக்கா ஒருவர் வந்து, குப்பைமேட்டுக்குப் போகவேண்டிய இடிபாடுகள்மேல் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி போட்டார். குழாய்மேலும் ஒன்று விழுந்தது. சாயங்காலம் லாரி வந்து அள்ளிப்போகும்.

“போய்ட்டு வாங்கண்ணே,” என்றது புதிதாக வந்திறங்கிய சறுக்குமரம். “போகும்போது அந்த ஓட்டைய மூடிக்கிட்டுப் போங்க. ஊரே பாக்குது.”

வயிறு இல்லாவிட்டாலும் குழாய்க்கு வயிறு எரிந்தது. ஓட்டையைத் தரைப்பக்கம் மறைத்துவிடலாம் என்று மெல்லப் புரண்டது. புரண்ட வேகத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. ஓட்டை பழையபடி மேலேயே வந்து நின்றது. சறுக்குமரம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

விளையாடப் போகிறவர்களைக் கேட்காமல், எது பூங்காவில் இருக்கும், எது லாரியில் போகும் என்ற பட்டியலை அக்கா முடிப்பதில்லை. அடுத்த தெருவிலிருந்து செங்கனி என்ற ஆறு வயதுச் சிறுமியை அழைத்துவந்தார்.

செங்கனி சறுக்குமரத்தில் ஒருமுறை சறுக்கினாள். பிறகு குழாய்க்குள் தவழ்ந்துபோய், ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள்.

“அக்கா, நான் எங்க இருக்கேன், கண்டுபிடிங்க!”

“கண்டுபிடிச்சாச்சு. எது வேணும் கண்ணு, சொல்லு.”

செங்கனி குழாய் வேண்டும் என்றாள். ஓட்டையை அடைக்கக் கூடாது என்றும் சொன்னாள்.