குட்டியின் எடை

"யாராவது ஒருத்தர் இறங்கியாகணும்," என்றார் தராசு, பென்சிலால் படகைத் தட்டியபடி.

படகு காகிதத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொன்ன தோரணையில், எதிரே இருந்த இரண்டு பெண்களும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

தராசு என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பட்டப்பெயர். இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பதிப்பகத்தின் சிறுவர் நூல்களில் உண்மை சரிபார்ப்பது அவர் வேலை. கதையில் டிராகன் வந்தால், அது கக்கும் தீ எத்தனை டிகிரி என்று கேட்பார். மனம் நிறைந்தால் பக்கத்தின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவார். ஒரு பக்கத்தில் முத்திரை விழாவிட்டாலும் புத்தகம் அச்சேறாது.

எதிரே, பதிப்பாசிரியைக்குப் பக்கத்தில் இருந்தவள் சாகச அத்தை. எழுதியவர் பெயராக அட்டையில் அப்படித்தான் போடுவார்கள். அண்ணன், அக்கா, சின்ன அண்ணன், குட்டி என்று நான்கு பிள்ளைகளைப் பன்னிரண்டு புத்தகங்களில் எரிமலைக்குள் இறக்கியவள், அரசர்களின் கல்லறைக்குள் பூட்டியவள். பேருந்து ஆற்றுப்பாலத்தில் ஏறினால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அலுவலகத்துக்கே அது பழைய நகைச்சுவை.

இந்த வகைப் புத்தகங்களுக்கென்று ஒரு சட்டதிட்டம் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே அப்பா அம்மாவை அப்புறப்படுத்திவிட வேண்டும். அவர்கள் இருந்தால் "ஸ்வெட்டர் போட்டியா?" என்பதோடு சாகசம் முடிந்துபோகும்.

ஆபத்து நெருங்க நெருங்கப் பிள்ளைகளுக்கு அறிவு பெருக வேண்டும். முதலை வாயைப் பிளக்கும்போது அக்கா அதன் பற்களைப் பற்றி விளக்குவாள். முதலையும் பண்போடு காத்திருக்கும்.

பதின்மூன்றாவது புத்தகம் வெள்ளம். மழை எப்படி உண்டாகிறது, அணை ஏன் உடைகிறது, மரம் ஏன் மிதக்கிறது, எல்லாம் ஒரே படகில். நடுவே 'நீங்களும் செய்து பாருங்கள்' பெட்டி: வாளித் தண்ணீரில் ஒரு கிண்ணத்தை மிதக்கவிட்டு, அது மூழ்கும்வரை கோலிக்குண்டுகளைப் போடவும். பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.

கடைசிப் பக்கத்தில் நான்கு பேரும் உடுப்புகூட நனையாமல் கரையேறுகிறார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் முத்திரை விழவில்லை.

"படகைப் பெருசாக்கிட்டா?" என்றாள் பதிப்பாசிரியை. அச்சகத்து ஆள் வெளியே காத்திருந்தார். அவளுக்கு இயற்பியலைவிடக் கடிகாரம் முக்கியம்.

ஆக்க முடியாது. அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஓவியருக்குக் கைவிரல் வரைவதென்றால் வேப்பங்காய். அதனால் பிள்ளைகளையே விட்டுவிட்டு, அத்தை சொன்ன அளவில் ஒரு வெறும் படகை வெள்ளத்தில் மிதக்கவிட்டிருந்தார். அத்தை அறைக்குள் வந்ததும் செய்த முதல் காரியம் அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்ததுதான். அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று ஓவியருக்கு மனத்தாங்கல்.

"ஒண்ணு சொல்லணும்மா," என்றார் தராசு. "எரிமலைய இஷ்டத்துக்கு அளந்து விட்டே. கல்லறைக்கு ஒரு மாடி கூடுதலாக் கட்டினே. இந்தப் படகுல மட்டும் நீளம், அகலம், பலகையோட கனம் எல்லாம் அப்படியே கச்சிதமா இருக்கு. அதுதான் இப்ப வினை."

"குட்டிய சித்தி வீட்டுல விட்டுடலாம்க்கா," என்றாள் பதிப்பாசிரியை. "அவனால கதைக்கு என்ன பிரயோஜனம்? கேள்வி கேப்பான், தும்முவான். மத்த மூணு பேரும் வகுப்பு ஏறிட்டே போறாங்க. இவன் இன்னும் ஒண்ணாம் வகுப்பு பெஞ்சத் தேய்ச்சுட்டு இருக்கான். ஃபெயிலா?"

தராசு வாய்விட்டுச் சிரித்தார்.

"குட்டி படகுல வருவான்," என்றாள் சாகச அத்தை.

"அப்ப புத்தகம் வராது."

"குட்டி வருவான்."

தராசு பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டு வந்தார். முரண்டு பிடிக்கும் மாணவர்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். பக்கத்தின் விளிம்பில் ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் எழுதிக் கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டார்.

"மூணு பேர்னா கரை சேரும். நாலாவது ஆள் ஏறினா பாதி வழியிலேயே தண்ணி உள்ள வந்துடும். நீயும் நானும் ஆசைப்பட்டா அது தாங்கிடுமா?"

"பாதி வழியில இல்ல சார்."

அவள் குரலில் கோபம் இல்லை. ஓர் அச்சுப்பிழையைத் திருத்துகிறவளின் குரல்.

"கரை தெரியற வரைக்கும் ஒண்ணும் ஆகல. என் மடியிலதான் உக்காந்திருந்தான். கரையில ஆளுங்களப் பாத்ததும், கையாட்டணும்னு எழுந்து நின்னான். அப்பதான்."

அச்சகத்து ஆள் கதவைத் தட்டினார். பதிப்பாசிரியை எழுந்திருக்கவில்லை.

தராசு அழிப்பானை எடுத்தார். விளிம்பில் இருந்த எடைகளை ஒவ்வொன்றாக அழித்தார். இரட்டைக் கோட்டையும் அழித்தார். துகள்களை ஊதித் தள்ளினார்.

பிறகு, நான்கு பிள்ளைகளும் உடுப்புகூட நனையாமல் கரையேறுகிற அந்தப் பக்கத்தின் அடியில், 'சரிபார்க்கப்பட்டது' என்று அழுத்திக் குத்தினார்.