ஏழு சபைக்கு ஒரு குரு

ஏழு கிராமத்துக் கிறிஸ்தவச் சபைகள் சேர்ந்த சேகரத்துக்குத் தலைமைக் குருவாகத் தன்னைத்தான் நியமிப்பார்கள் என்று உதவி குரு உறுதியாக நம்பியிருந்தார். ஆறு வருடமாக ஸ்கூட்டரில் ஏழு சபைக்கும் அலைந்தவர் அவர்தானே!

பேராயரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், நேரே சமையலறைக்கு வந்தார்.

"வேற ஒருத்தரைப் போட்டுட்டாங்க."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பவில்லை. "ஏனாம்?"

"ஏழு சபையும் என்னைத்தான் கேட்டிருக்கு. யாரோ ஒரு கடிதம் போட்டுக் கெடுத்துட்டாங்க."

"அந்த ஆர்கன் வாசிக்கிறவரா இருக்கும். அவருக்கு உங்களைக் கண்டாலே ஆகாது."

"நானும் வழியெல்லாம் அவரைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன். எழுதினது யாருன்னு பேராயர் சொல்லலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"'உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை போய் மூணு வருஷம் ஆச்சாமே, நிஜமா?'ன்னு கேட்டார்."

அவள் கை அப்படியே நின்றது.

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? அதை இந்த உலகத்துல உன் ஒருத்திகிட்டதானேம்மா சொல்லி அழுதேன்?"