பாத்தி உப்பு

சந்தனமாரி உப்பளத்துக்குப் போகும் நேரமெல்லாம் மகளைப் பார்த்துக்கொண்டது குரல்பெட்டி என்ற பேசும் கருவிதான். பிள்ளை பிறந்த புதிதில் பதிந்துகொண்ட சந்தனமாரியின் குரலிலேயே அது கொஞ்சும், கதை சொல்லும், அதட்டும்.

இந்த வருடம் அவள் கழுத்து வீங்கியது. வீக்கம் பெருக்கப் பெருக்கக் குரல் கரகரத்து, கடைசியில் வெறும் காற்றாகிப்போனது.

"சமையலுக்கு எந்த உப்பும்மா?" என்றார் டாக்டர்.

"பாத்தி உப்புதான் சார். உப்பு வாருறவ கடையில உப்பு வாங்குனா ஊரு சிரிக்காதா?"

"அதுல அயோடின் சேர்க்கலையேம்மா. அதான் கழலை. குரல் நரம்பையே அழுத்திடுச்சு. ஆபரேஷன் பண்ணாலும் பழைய குரல் வராது."

வீட்டுக்கு வந்து, "தங்கம், அம்மாட்ட வா" என்று கைநீட்டினாள். கொஞ்ச நாளாகவே அந்தக் குரலுக்கு மிரளும் மகள், அழுதுகொண்டே பெட்டியிடம் ஓடினாள்.

"ஏய், இனி நீ பேசாத" என்று பெட்டியைப் பார்த்துச் சீறினாள் சந்தனமாரி.

"நீங்க யாரு? புள்ள பயப்படுதுல்லா, வெளிய போங்க" என்றது பெட்டி, அவளுடைய பழைய குரலில். பிறகு குழைந்தது: "அழாத தங்கம். அம்மா இருக்கேன்ல."