விரிசலுக்குக் குறுக்கே

“பை பட்டுடுச்சுக்கா. உங்க சுவர் அசையலை, நான்தான் அசைஞ்சேன்.”

சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். சுவரில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டின் ஒரு பாதி சுவரிலேயே இருந்தது. மறுபாதி அவன் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

அந்தத் தெரு முழுவதையும் இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். எதிர்ச்சாரியில் இயந்திரம் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் இன்னும் ஆட்கள் இருக்கிற வீடுகளில், சுவர் விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடியை ஆபீஸ்காரர்கள் ஒட்டி, அதில் தேதியும் எழுதிவைப்பார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்று மாலைக்குள் குடும்பம் வெளியேறி, ஊருக்கு வெளியே இருக்கும் தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும்.

வீடு வீடாகப் போய்க் கண்ணாடியைப் பார்த்து வருவது அவன் வேலை. தெருவில் அவனுக்குப் பெயரே கண்ணாடிக்காரன்தான். நிலைப்படியில் இடிக்காமல் ஒரு வீட்டுக்குள்ளும் நுழையத் தெரியாதவனை நம்பிக் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறார்களே என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்த அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“கீழே யாரு தம்பி பேசறது?”

“எங்க சூப்பர்வைசர். கீழ்வீட்டைப் பார்த்துட்டு நேரா இங்கதான் வருவார்.”

“கை தவறி உடைஞ்சதுன்னு சொல்லிடுங்களேன்.”

“போன மாசம் ஒருத்தன் அப்படித்தான் சொன்னான். வீட்டுக்காரங்க கிட்ட எவ்வளவு வாங்கினேன்னு கேட்டு அவனை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. வீட்டையும் காலி பண்ணிட்டாங்க.”

விரிசல் விழுந்த அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மகள் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

“அவளுக்குப் பரீட்சை நடக்குது தம்பி. முடியற வரைக்குமாவது நாங்க இங்க இருந்தாகணும். கொட்டகையிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸே கிடையாது. போன வருஷம் போனவங்க பிள்ளைங்க எல்லாம் படிப்பையே விட்டுடுச்சு.”

எதிர்ச்சாரியில் ஏதோ பெரிதாகச் சரிந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

“ஒட்டற பிளாஸ்டர் மாவு இருக்குக்கா. கண்ணாடிதான் இல்லை. பையில இருந்த கடைசித் துண்டு மேல காலையில நானே உட்கார்ந்துட்டேன்.”

அக்கா மெஷின் இழுப்பறையைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து நீட்டினாள். அதே அகலம், அதே நீளம்.

“எப்படிக்கா இவ்வளவு கச்சிதமா?”

“இருந்துச்சு. சீக்கிரம் ஒட்டுங்க.”

பிளாஸ்டரைக் குழைத்தான். அவசரத்தில் பாதி சுவருக்கும் பாதி சட்டைக்கும் போயிற்று. பழைய கண்ணாடியில் இருந்த தேதியையே புதியதிலும் எழுதினான். உடைந்த துண்டுகளை அக்கா வெட்டுத் துணிக் கூடைக்குள் திணித்தாள். மாடிப்படியில் கனத்த செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது.

“காய்ஞ்சிடுமா?”

“அவர் வர்றதுக்குள்ள காயாது. தொட்டார்னா கையோட வந்துடும்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “ஆமா, இதை எதுக்குக்கா வெட்டி வெச்சிருந்தீங்க?”

“டீ குடிக்கறீங்களா?” என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“என்னய்யா, கண்ணாடி உயிரோட இருக்கா?”

“நல்லா இருக்கு சார்.”

“நீ சொன்னா நம்பறதா?” கண்ணாடியைத் தட்டிப் பார்க்க விரலை நீட்டினார்.

கண்ணாடிக்காரனுக்கு வேறு வித்தை எதுவும் தெரியாது. தெரிந்ததைச் செய்தான். தோளிலிருந்த பை, சுத்தியலோடு சேர்ந்து சூப்பர்வைசரின் கால் மேல் விழுந்தது.

“அடப்பாவி. உன்னை வேலைக்குச் சேர்த்தவன் யாருய்யா?”

“நீங்கதான் சார்.”

ஒற்றைக்காலில் நின்றபடி சூப்பர்வைசர் அவனை முறைத்தார். பிறகு அக்காவிடம், “சுவர் கெட்டியா இருக்கும்மா. பயப்படாம இருங்க” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கீழே இறங்கினார்.

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அதிசயமாக எதுவும் உடையவில்லை.

“தப்பிச்சோம்க்கா. என் வேலையும் தப்பிச்சுது, உங்க வீடும் தப்பிச்சுது.”

அக்காவின் கண் சுவரிலேயே இருந்தது. அந்தப் பக்கம் மகளின் குரல் இப்போது தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னும் ஏன்க்கா பயந்து நிக்கறீங்க? அவரே கெட்டிச் சுவர்னு சொல்லிட்டுப் போயிட்டார். குத்தமெல்லாம் என் பை மேலதான். அந்தக் கண்ணாடி ஏதுன்னு இப்பவாவது சொல்லுங்க.”

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“நீங்க உடைச்சது நேத்து நானே வெட்டி ஒட்டினது தம்பி. உங்க ஆபீஸ்காரங்க ஒட்டினது அதுக்கு முந்தியே தானா உடைஞ்சு போச்சு, அதை யாரும் தொடக்கூட இல்லை.”