முக்காலை அரையால் வகுத்தால்

"டீச்சர், என் பொண்ணு திரும்பவும் கணக்குல முட்டை வாங்கிட்டு வந்திருக்கா."

கார் ஆஸ்பத்திரி வாசலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ஓட்டுகிறவர் ஆரம்பித்துவிட்டார்.

பின் சீட்டில் நான். முன் சீட்டில் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துவிட்டு வருகிறவள். துணி உரசினாலே தோள் எரிகிறது. உறுத்தக் கூடாதென்று சீட் பெல்ட்டில் மெத்தென்று ஒரு துண்டைச் சுற்றி வைத்திருந்தார் மனிதர். கைக்கு இருந்த அந்த இங்கிதம் வாய்க்கு இல்லை.

நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிப் போய், திரும்பக் கொண்டுவந்து விடும் தொண்டர் அவர். சொந்தக் கார், சொந்த பெட்ரோல். அதற்கு ஈடாகப் புலம்புவார். 'புலம்பல் சார்' என்பது நான் வைத்த பெயர்.

"முக்காலை அரையால வகுத்தா ஒண்ணரை வருதாம். வகுத்தா குறையத்தானே செய்யணும், எப்படிக் கூடும்னு கேக்கறா. எனக்கே தெரியல டீச்சர்."

அம்மா கண்ணைத் திறந்தாள். "முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்ல ஊத்தச் சொல்லுங்க. எத்தனை பாட்டில் நிறையும்?"

"ஒண்ணு... அப்புறம் பாதி. அட."

"பகுதி, தொகுதியெல்லாம் அப்புறம். மொதல்ல பாலை ஊத்தட்டும்."

வீடு வந்ததும் அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன்.

"சார், அம்மா முடியாம இருக்காங்க. உங்க வீட்டு டியூஷனுக்கு வேற ஆள் பாக்கக் கூடாதா?"

"டீச்சர் மாதிரி யாரு பாப்பா சொல்லிக் குடுப்பாங்க?" சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

பாப்பாவாம். சட்டப் படிப்பை முடிக்கப் போகிறேன் நான்.

கரண்ட் வைக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, "போதும்டி, இனிமே போகல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டவள் அம்மா. வாதாடிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். எப்படியோ மறுநாள் தானே எழுந்து கிளம்பினாள். நடுவில் நிறுத்தினால் அத்தனையும் வீண் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மறுபடி மனசு மாறிவிடுமோ என்று தினமும் காலையில் அம்மா எழுந்திருக்கும் வரை அறை வாசலிலேயே நிற்பேன். இதில் இவர் வேறு அம்மாவைப் பிழிந்தெடுக்கிறார்.

அவருக்குத்தான் ஆஸ்பத்திரியில் பாராட்டு விழா.

"நீ போயிட்டு வா," என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு வந்திருந்தா, பாட்டில் கணக்கு புரிஞ்சுதான்னு கேளு."

போனேன். அதைக் கேட்க அல்ல. விழா நடத்துகிறவர்களிடம் நறுக்கென்று நாலு வார்த்தை சொல்ல.

பக்கத்து நாற்காலியில் முடியெல்லாம் கொட்டிப் போன ஒரு பிளம்பர்.

"உங்களையும் இவர்தான் கூட்டிட்டு வர்றாரா? புலம்புவாரே?" என்று கேட்டேன்.

"அதையேன் கேக்கறீங்க. அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுது. வாஷரை மாத்தச் சொன்னேன். இப்போ பாத்ரூம்ல ஒழுகுதாம். நான் ஒரு நாள் வரலைன்னா அந்த வீடே மிதக்கும்."

முன் வரிசைத் தையல்காரம்மா திரும்பினார். "எங்கிட்ட அவர் சம்சாரத்தோட சட்டைக் கதை. நேத்து கை இறுக்கமாம், இன்னிக்குத் தோள் தொளதொளங்குதாம். என்ன உடம்போ அந்தம்மாவுக்கு."

எனக்கு எங்கேயோ இடித்தது.

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். "குடும்பத்தோட வாங்க சார்."

"அவங்களுக்கெல்லாம் வேலைங்க," என்று தனியாக ஏறினார். கேடயத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார்.

படிக்கட்டில் மடக்கினேன். "உங்க பொண்ணு எங்க சார்?"

முகம் வெளிறிவிட்டது. "பாப்பா, டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க."

"பொண்ணு இருக்காளா, இல்லையா?"

"டீச்சர் இனிமே வரலைன்னு சொன்ன மறுநாள் உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கெஞ்சலாம்னா, நீங்க கெஞ்சாததா? சட்டுனு வாயில வந்துடுச்சு, பொண்ணு கணக்குல முட்டைன்னு. அவ அன்னிக்குப் பொறந்தவ, பாப்பா."

"குழாய்?"

"ஒழுகல."

"சம்சாரம்?"

"இருந்தாத்தானே."

அவர் கக்கத்திலிருந்து நழுவப் பார்த்த கேடயத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டு ரோஜா துளிர் விட்டுச்சா?"

"எங்கங்க. இலையெல்லாம் மஞ்சளாகுது."

சாய்ந்து கிடந்த பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மண்ணைக் கிளறினீங்களா, இல்லையா?"

பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கேயும் இல்லாத ஒரு வீடு. அதில் ஒழுகும் குழாய், பொருந்தாத சட்டை, வாடும் செடி, கணக்கு வராத ஒரு பெண். அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்க இத்தனை பேர் தினமும் படுக்கையை விட்டு எழுந்து வருகிறார்கள்.

வீட்டில் அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நாளைக்கான கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள்.

"வந்திருந்தாளா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. "வந்திருந்தாம்மா. உயரமா, ஒல்லியா இருந்தா. பாட்டில் கணக்கு புரிஞ்சுதாம். அடுத்து விகிதம் வேணுமாம்."

அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நாள் ஏழாவதுங்கறார், ஒரு நாள் ஒன்பதாவதுங்கறார். எத்தனை பிள்ளைங்களோட பொய்யைக் கேட்டவடி நான். அவருக்குப் பொண்ணே கிடையாது."

"தெரிஞ்சுமாம்மா தினம் போறே?"

அம்மா பென்சிலை மறுபடி எடுத்தாள்.

"என்ன செய்யச் சொல்றே? அதுக்காக அவளைப் பாதிப் பாடத்துல விட்டுட முடியுமா?"